பைத்தானில் ஃபைல் திறக்கவில்லையா? பிழைச் செய்தியில் எதைப் பார்க்க வேண்டும்

ஃபைலைத் திறக்க முடியாதபோது ஆப்பரேட்டிங் சிஸ்டம் பைத்தானுக்குத் தருவது ஒரு பிழை எண்தான். அதற்குரிய பொதுவான வாசகத்தையும் நாம் கொடுத்த பாதையையும் பைத்தான் சேர்த்துக் காட்டுகிறது. ஒரே எண்ணுக்குப் பல காரணங்கள் உண்டு. வாசகத்தை மட்டும் நம்பினால் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

படி 1: கடைசி வரியில் 'எர்னோ' என்பதை அடுத்துள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எண் 2, 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. ஃபைல் கண்ணெதிரே இருந்தாலும் இது வரும். முழுப் பாதை தராவிட்டால், நிரலை எந்த ஃபோல்டரிலிருந்து இயக்கினீர்களோ அங்கேதான் பைத்தான் தேடும். அது எந்த ஃபோல்டர் என்று அறிய, ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி() தருவதை அச்சிட்டுப் பாருங்கள்.

புதிய ஃபைல் எழுதும்போதும் இதே செய்தி வந்து குழப்பும். இல்லாத ஃபைலைத்தானே உருவாக்கச் சொன்னோம்? அங்கே இல்லாதது ஃபோல்டர். எழுதுவதற்காகத் திறக்கும் 'டபிள்யூ' முறை ஃபைலை மட்டுமே உருவாக்கும். முதலில் ஓஎஸ்.மேக்டிர்ஸ் மூலம் ஃபோல்டரை உருவாக்குங்கள்.

படி 3: எண் 22, 'இன்வேலிட் ஆர்க்யுமென்ட்'. விண்டோஸில் புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். சி:\சேல்ஸ்\நியூ என்ற பாதையை ஆங்கிலத்தில் தட்டுகிறீர்கள். \ குறிக்குப் பின் 'என்' எழுத்து வந்தால் பைத்தானுக்கு அது புதிய வரி. பாதை நடுவில் உடைந்துவிடும். ஆனால் செய்தியில் அந்த இடம் நீங்கள் தட்டியபடியே தெரிவதால் சந்தேகமே வராது.

கூர்ந்து பாருங்கள்: சேல்ஸுக்கு முன் \\ என்று இரண்டு இருக்கும், நியூவுக்கு முன் ஒன்றே ஒன்று. உண்மையான \ குறியைச் செய்தி இரட்டையாகவே காட்டும். ஒற்றையாக நிற்கும் இடத்தில்தான் கோளாறு. மேற்கோள் குறிக்கு முன் 'ஆர்' எழுத்தைச் சேருங்கள், அல்லது / பயன்படுத்துங்கள். விண்டோஸ் அதையும் ஏற்கும். 'ஆர்' சேர்த்தால் பாதையை ஒற்றை \ குறியில் முடிக்காதீர்கள். மேற்கோள் மூடாது.

படி 4: எண் 13, 'பெர்மிஷன் டினைட்'. உடனே அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்காதீர்கள். விண்டோஸில் ஃபைலுக்குப் பதில் ஃபோல்டரின் பாதையைத் தந்தாலும் இதுவேதான் வரும். லினக்ஸ் இதற்கு 21 என்று தனி எண் தருகிறது. பாதை ஃபோல்டரா என்று சோதிக்கும் ஓஎஸ்.பாத்.இஸ்டிர் 'ட்ரூ' என்று சொன்னால், ஃபைல் பெயரை விட்டுவிட்டீர்கள். அதே ஃபைல் எக்செலில் திறந்திருக்கும்போது எழுத முயன்றாலும் 13 வரும்.

படி 5: லினக்ஸில் எண் 28, 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. டிஸ்கில் இடம் இருந்தும் வந்தால், 'டிஎஃப் -ஐ' (df -i) கட்டளையைக் கொடுங்கள். 100% காட்டினால் ஐநோடுகள், அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று வீதம் தேவைப்படும் பதிவிடங்கள், தீர்ந்துவிட்டன. லட்சக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் குவிந்த ஃபோல்டரைக் கண்டுபிடித்து, தேவையில்லாதவற்றை நீக்குங்கள்.