யூரியேஸைத் திறந்து பார்ப்பது எப்படி

வயிற்றுப்புண் கிருமி ஹெலிகோபாக்டர் பைலோரி அமிலத்தில் பிழைத்துக் கிடப்பது யூரியேஸ் என்ற நொதியின் தயவில்தான்: யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொள்ளும்.

குரோம்பேட்டை மொட்டைமாடி அறையில், கரண்ட் போவதற்குள் நான் செய்வது இது. புரத வடிவங்களின் இணையக் கிடங்கான புரோட்டீன் டேட்டா பேங்கிலிருந்து, இந்த யூரியேஸின் வடிவம் இருக்கும் 1ஈ9இசட் (1E9Z) கோப்பை, மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் பைமால் மென்பொருளில் இறக்குங்கள். ஒரு ஆல்பா, ஒரு பீட்டா புரதச் சங்கிலி மட்டும் தெரிந்தால் அதுதான் முழு நொதி என்று நம்பிவிடாதீர்கள். நான் ஒரு வாரம் நம்பினேன்! உயிரியல் தொகுப்பாக, அதாவது நொதி உண்மையில் இயங்கும் முழு வடிவமாகத் திறந்தால்தான் 12 ஜோடியும் சேர்ந்து, உள்ளே வெற்றிடத்தோடு பூந்திலட்டு போல உருண்டு நிற்கும்.

பிறகு நொதிக்குள் இருக்கும் நிக்கல் உலோகத்தை மட்டும் கோளங்களாகக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெரிய சங்கிலிக்குள்ளும் இரண்டு. இரண்டுக்கும் பாலமாக, கார்பன் டை ஆக்சைடு ஒட்டி உருமாறிய ஒரு லைசின் என்ற அமினோ அமிலம். யூரியா உடைவது அங்கேதான்.