பரிசு விழுந்ததாக மெசேஜ் வந்தால் என்ன செய்வது?

"வாழ்த்துகள்! உங்கள் எண்ணுக்குக் கார் பரிசு" என்று வந்ததும் கை தானாக லிங்க் பக்கம் போகும். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், அந்தப் போட்டியில் கலந்துகொண்டீர்களா என்று யோசியுங்கள். சீட்டே வாங்காதவருக்குக் குலுக்கலில் பரிசு விழாது. ஞாபகமே இல்லையென்றால் பிளாக் செய்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

கலந்துகொண்டது உண்மைதான் என்றால், அனுப்பியவர் யார் என்று பாருங்கள். சமூக ஊடகப் போட்டிகளில் நடப்பது இது: நீங்கள் கமென்ட் போட்ட சில நிமிடங்களில் "நீங்கள்தான் வின்னர்" என்று இன்பாக்ஸில் ஒரு மெசேஜ். போட்டி நடத்துபவரின் அதே பெயர், அதே படம், ஆனால் ஐடியில் ஒரு புள்ளியோ அண்டர்ஸ்கோரோ கூடுதலாக இருக்கும்.

லிங்க் இருந்தால் அதையும் படியுங்கள். பெயருக்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்கு (/) முன்னால், கடைசியில் இருப்பதுதான் தளத்தின் உண்மையான பெயர். 'வங்கிபெயர்.பரிசு.காம்' என்றிருந்தால் அது வங்கியின் தளமல்ல, பரிசு.காம் வைத்திருப்பவருடையது. குழப்பமாக இருந்தால் நிறுவனத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து போய்ப் பாருங்கள்.

அப்புறம் பணம். இங்கேதான் ஆட்டமே.

பிராசஸிங் ஃபீஸ், கூரியர் சார்ஜ், டாக்ஸ் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கட்டாதீர்கள். பரிசுக்குப் பல நாடுகளில் வரி உண்டுதான், ஆனால் அதைப் பரிசுத் தொகையிலேயே பிடித்துக்கொள்வார்கள் அல்லது நீங்கள் நேரே அரசுக்குக் கட்டுவீர்கள், முன்பின் தெரியாத ஒருவரின் கணக்குக்கு அனுப்பச் சொல்ல மாட்டார்கள். முதலில் சின்னத் தொகையாகத்தான் கேட்பார்கள், அதைக் கட்டியதும் சுங்கம், பிறகு இன்சூரன்ஸ் என்று நீளும், நமக்கும் 'இவ்வளவு கட்டியாச்சு, இதையும் கட்டிவிடலாம்' என்றே தோன்றும். கிஃப்ட் கார்டு வாங்கி அதன் எண்ணை அனுப்பச் சொன்னால் சந்தேகமே வேண்டாம், மோசடிதான்.

சிலர் காசோலையே அனுப்புவார்கள். கணக்கில் பணம் ஏறியதாகக் காட்டும். "கூடுதலாக வந்ததைத் திருப்பி அனுப்புங்கள்" என்பார்கள். சில நாட்கள் கழித்துக் காசோலை போலி என்று வங்கி பணத்தை எடுத்துக்கொள்ளும், நீங்கள் அனுப்பியது போனதுதான்.

ஓடிபி, பின் எண், ஸ்கிரீனைப் பகிரும் ஆப் எதற்கும் சம்மதிக்காதீர்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? உடனே வங்கிக்கு போன் செய்யுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள், மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட்டோடு போலீஸில் புகார் கொடுங்கள். சில வாரங்களில் "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், சின்னதாக ஒரு ஃபீஸ்" என்று யாராவது அழைக்கலாம். பெரும்பாலும் அதே கும்பல், இல்லாவிட்டால் உங்கள் எண்ணை அவர்களிடம் விலைக்கு வாங்கியவர்கள்.