கட்சி பேதமில்லாத இரங்கல் கூட்டம்: கடலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் ஒரு முன்னாள் எம்.எல்.ஏ.வோ நகரமன்றத் தலைவரோ காலமானால் மௌன ஊர்வலம், அது முடியும் இடத்தில் அனைத்துக் கட்சி இரங்கல் கூட்டம் என்பது நம் பக்கத்து வழக்கம். அந்தக் கூட்டத்தில் கொள்கைக்காகச் சண்டை வருவது அபூர்வம். நோட்டீஸில் யார் பெயர் முதலில், யார் மாலை பெரிது, யாருக்கு மைக் எத்தனை நிமிடம் என்ற மூன்றில்தான் மனக்கசப்பு கிளம்பும். மூன்றையும் முதல் நாளே பேசித் தீர்த்துவிடுங்கள்.

இறந்தவரின் கட்சியே கூட்டத்தைக் கூட்டினால் மற்றவர்கள் விருந்தாளி மாதிரி வந்து போவார்கள். அதனால் வர்த்தகர் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம் போன்ற ஏதாவது ஒன்றின் பெயரில் கூட்டுவது நல்லது. தலைமைக்கு ஊர் மதிக்கிற ஒரு மருத்துவரோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ போதும். ஏற்பாட்டுக் குழுவில் கட்சிக்கு ஒருவர், மொத்தம் ஏழு பேருக்கு மேல் வேண்டாம். பதினைந்து பேர் உட்கார்ந்தால் பேனர் நிறத்திலேயே இரவு கழிந்துவிடும்.

குழு கூடும் முன் வீட்டாரைப் பாருங்கள். தேதியை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், சடங்கு பற்றியும் கேளுங்கள். பகுத்தறிவாளராக வாழ்ந்தவருக்குக் குத்துவிளக்கு ஏற்றுவதும் படத்தில் பொட்டு வைப்பதும் அவமரியாதை; அங்கே படத்திறப்பு, மலர் தூவுதல் போதும். பொதுவுடைமை இயக்கத்தவருக்குத் தோழர்கள் ‘செவ்வணக்கம்’ என்பார்கள், அந்தச் சொல்லை நோட்டீஸிலும் அனுமதியுங்கள். இஸ்லாமியக் குடும்பங்களில் படத்துக்கு மாலை போடுவதையே சிலர் விரும்புவதில்லை. 16ஆம் நாள் காரியம் செய்கிற வீடு என்றால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் உறவினர் கூட்டம் இருக்கும், யாராலும் வர முடியாது.

நோட்டீஸில் பெயர்களை அகர வரிசையில் போடுங்கள். தலைப்பெழுத்தை வைத்து வரிசைப்படுத்தக் கூடாது, பெயரை வைத்துத்தான். பதவியில் இருப்பவர்களுக்குத் தனி வரி, அதற்குள்ளும் அகர வரிசை. ‘பெயர்கள் அகர வரிசையில்’ என்று கீழே சின்னதாக அச்சிட்டுவிட்டால் பாதி போன் வராது. அச்சுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு கட்சிக்காரரும் தன் தலைவர் பெயரின் எழுத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர் கட்சி மாறிய கதையை மறைக்க வேண்டாம். புதுச்சேரியின் எம்.ஓ.எச்.பாரூக் 1967இல் காங்கிரஸ் முதலமைச்சர், 1969இல் தி.மு.க. முதலமைச்சர், 1985இல் மறுபடி காங்கிரஸ் முதலமைச்சர். மஞ்சக்குப்பத்தில் மணிமண்டபம் உள்ள எஸ்.எஸ்.ராமசாமி படையாட்சியார் உழவர் உழைப்பாளர் கட்சி கண்டவர். 1954இல் காமராஜர் அமைச்சரவையில் இடம்பெற்றார். இதையெல்லாம் ஒரு வரியில் வருடத்தோடு சொல்லிவிட்டால் கௌரவம். விட்டுவிட்டால் அந்தக் கட்சியின் பழைய கிளைச் செயலாளர் நாலாவது வரிசையில் முகம் சுளித்து உட்கார்ந்திருப்பார்.

ஊர், தொகுதிப் பெயர்களில்தான் அதிகம் சறுக்குகிறது. 1993 செப்டம்பர் 30 வரை கடலூரும் விழுப்புரமும் சேர்ந்து ஒரே தென்னாற்காடு மாவட்டம். 1980களில் நடந்ததைக் ‘கடலூர் மாவட்டத்தில்’ என்று எழுதினால் விழுப்புரம் பக்கத்துப் பணிகள் எல்லாம் காணாமல் போய்விடும். நெல்லிக்குப்பம் தொகுதி 2008 மறுசீரமைப்பில் மறைந்தது, நெய்வேலி அப்போதுதான் பிறந்தது, மங்களூர் தொகுதி போய்த் திட்டக்குடி வந்தது. ‘நெய்வேலி எம்.எல்.ஏ.வாக 1996இல்’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அது தவறு. புதுச்சேரிக்காரர் என்றால் 1963 ஜூலை 1க்கு முன் இருந்தது பிரதிநிதித்துவ சபை, அதற்குப் பிறகுதான் சட்டமன்றம். வாக்கு வித்தியாசம், வெற்றி ஆண்டு எல்லாவற்றையும் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்சி மலரை நம்ப வேண்டாம். அதில் தோல்விகள் இருக்காது.

படம் விஷயத்தில் இரண்டு தவறு சகஜம். ஒன்று, வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே பெரிதாக்குவது. 20க்கு 30 அங்குலப் பிரேமுக்குக் குறைந்தது 3,000க்கு 4,500 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப் சுருக்கிய படத்தில் மூக்குக்கண்ணாடியின் விளிம்பு படிக்கட்டு மாதிரி தெரியும். வீட்டில் இருக்கும் ஸ்டுடியோ போட்டோவை வாங்கி ஸ்கேன் செய்யுங்கள். இரண்டாவது, கட்சித் துண்டும் கரை வேட்டியும் தெரிகிற படம். மார்போடு வெட்டி எடுத்தால் கரை வேட்டி போய்விடும். துண்டு தோளில் இருந்தால் வேறு படம் தேடுங்கள். கம்ப்யூட்டரில் துண்டின் நிறத்தை மட்டும் மாற்றுவது வேண்டாம், அவர் தொண்டர்களுக்கு அது வலிக்கும்.

பேனரில் ஒரே ஒரு முகம், அவருடையது. கீழே இருபது பேரின் தலைகளைப் பட்டாணி மாதிரி கோர்த்துவிட்டு நடுவில் இறந்தவரை வைப்பது அஞ்சலி ஆகாது, விளம்பரம். பிளெக்ஸ் கடைக்காரர் பழக்கத்தில் சேர்த்துவிடுவார். டிசைனை அச்சுக்கு முன் கண்ணால் பாருங்கள். மேடைக்குப் பின்னால் 10க்கு 8 அடியில் ஒன்று போதும். சாலையோரம் வைக்க அனுமதி வேண்டும், புதுச்சேரியில் இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது.

இடம் மண்டபமோ டவுன்ஹாலோ ஆனால் நிம்மதி. மஞ்சக்குப்பம் மைதானம் போலத் திறந்தவெளி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாமியானாவை நம்பாதீர்கள், தகரப் பந்தல் போடுங்கள். ஊர்வலத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் எந்தக் காவல் நிலைய எல்லை என்று பார்த்து முன்கூட்டியே மனு கொடுங்கள். மனுவில் பாதை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், உத்தேச எண்ணிக்கை எல்லாம் இருக்கட்டும். கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், பாக்ஸ் போதும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம்.

ஊர்வலத்தில் கொடி இல்லை, கோஷம் இல்லை. எல்லாருக்கும் ஒரே அளவில் கறுப்பு பேட்ஜ், முன்னால் படம், அதற்குப் பின் வீட்டார், பிறகு தலைவர்கள் மூன்று மூன்று பேராக, ஒரே கட்சியினர் சேர்ந்து நிற்காமல்.

மைக் செட் தம்பியிடம் தனியாகப் பேசுங்கள். கூட்டம் சேரும் வரை அவர் பென்டிரைவில் இருப்பதைப் போடுவார். அதில் போன தேர்தலின் பிரசாரப் பாட்டு இருக்கும். பாட்டே வேண்டாம் என்று சொல்லி, பென்டிரைவைக் கழற்றிக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சாளர் மைக்கும் அறிவிப்பாளர் மைக்கும் தனித்தனியாக இருந்தால் நேரம் தாண்டுகிறவரை மெல்ல நிறுத்த முடியும்.

மாலைக்கு ஒரே விதி: வீட்டார் போடுவது ஒன்று மட்டும். கட்சிக்கு ஒன்றாகப் போட்டால் ஆறாவது மாலையில் முகம் மறைந்துவிடும். யார் மாலை மேலே என்ற பேச்சும் வரும். மற்ற அனைவருக்கும் உதிரிப்பூ. ஒரு கைப்பிடி 20 கிராம் என்றால் 200 பேருக்கு 4 கிலோ. சாமந்தியும் ரோஜா இதழும் கலந்து வாங்கலாம். பூவைப் பாலிதீன் பையில் கட்டி வைத்தால் இரண்டு மணி நேரத்தில் வியர்த்துக் கறுத்துவிடும். ஈரத்துணி மூடிய மூங்கில் கூடைதான் சரி. பொன்னாடை, சால்வை எதுவும் மேடையேறக் கூடாது.

மௌன அஞ்சலியைக் கடைசியில் வைப்பவர்கள் உண்டு. வைக்காதீர்கள், பாதிக் கூட்டம் கலைந்திருக்கும். படத்திறப்பு முடிந்ததும் ‘எல்லாரும் எழுந்து நிற்போம், செல்போனை அமைதியில் வைப்போம்’ என்று சொல்லி, பத்து விநாடி விட்டு, மைக்கை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம். ஒரு நிமிடத்தில் கால் மாற்றிக்கொள்ளத் தோன்றும், தலைவர் அவசரப்பட்டு ‘நன்றி’ சொல்லிவிடுவார். நேரம் பார்க்கும் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுங்கள்.

பேச ஆளுக்கு ஐந்து நிமிடம், பன்னிரண்டு பேர், ஒரு மணி நேரம். எதிர்க்கட்சிக்காரர் பேசும்போதுதான் கூட்டம் காதைத் தீட்டிக்கொள்ளும். ‘எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது’ என்று ஒரு முறை சொன்னால் போதும். மூன்று முறை சொன்னால் கணக்குத் தீர்ப்பதாகிவிடும். அவர் கேட்டு வாங்கிய ஒரு பஸ் தடம், தூர்வாரிய ஓர் ஏரி, மன்றத்தில் விட்டுக்கொடுத்த ஒரு சந்தர்ப்பம் என்று கையால் தொடக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். ‘இவரைப் போல இப்போது யார் இருக்கிறார்கள்’ என்ற வாக்கியத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் குத்தும். இடைத்தேர்தல் பேச்சும் வேண்டவே வேண்டாம்.

தீர்மானம் நாலு வரி: பெயர், வகித்த பொறுப்பு, மறைந்த தேதி, வீட்டாருக்கு ஆறுதல். சிலை, தெருப்பெயர் கோரிக்கையை அதில் நுழைக்காதீர்கள். பொதுச் சாலையில் சிலைக்கு அனுமதி கூடாது என்று 2013 ஜனவரியிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோரிக்கை வந்த உடனே ஒற்றுமையும் உடையும். எல்லாக் கட்சியினரும் கையெழுத்திட்ட ஒரு பிரதியை வீட்டாரிடம் மேடையிலேயே கொடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் பின்பக்கம் டீ மட்டும். பேனரை அன்றிரவே இறக்குங்கள். பிரேம் போட்ட படத்தைக் குழுவில் இருவர், இரண்டு கட்சிக்காரர்களாக, வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரட்டும்.