டூனா டப்பாவில் ஸ்பிரிட் அடுப்பு: செய்வதும் பற்றவைப்பதும்

சோழவந்தான் பக்கம் தெரிந்தவர் தென்னந்தோப்பில் சொல்லிவிட்டு ஒரு ராத்திரி கூடாரம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விடிந்ததும் சுக்குமல்லி காபி, அப்புறம் பசிக்கு ஏதாவது. இதற்காக கேஸ் சிலிண்டரைச் சுமக்க வேண்டாம், உள்ளங்கையில் அடங்கும் ஸ்பிரிட் அடுப்பு போதும். ஆனால் இது வெந்நீர் வைக்கிற அடுப்பு. தீயைக் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது. சோறு பொங்க இறங்கினால் அடி தீயும், மேலே அரிசியாகவே நிற்கும்.

முதலில் எரிபொருள். மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் கேளுங்கள், வாங்குமுன் லேபிளைப் படியுங்கள். எத்தில் ஆல்கஹால் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நீலமாக, சுத்தமாக எரியும். ஐசோப்ரொப்பைல் என்றிருந்தாலும் எரியும், பாத்திரம்தான் கரிப்பிடிக்கும். 70 சதவீதம் என்றால் மீதி தண்ணீர், சூடு ஏறாது. மெத்தனால் பக்கமே போகாதீர்கள். கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே கண் போகும், உயிரும் போகும்.

அடுத்து அடுப்பு. காலியான சின்ன டூனா மீன் டப்பாவைக் கழுவிக் காய வையுங்கள். உள்ளே ஈரமணலை இறுக்கி அடைத்துவிட்டால் அடிக்கும்போது தகரம் நசுங்காது. விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, சுற்றிலும் ஒரு விரல் இடைவெளியில் தடித்த ஆணியால் துளை போடுங்கள். அந்தத் துளைகளுக்கு நடுநடுவே, சற்றுக் கீழே இன்னொரு வரிசை. டப்பாவின் கீழ்ப்பாதியில் ஒரு துளைகூட வேண்டாம், அங்கேதான் ஸ்பிரிட் நிற்கும். மணலைக் கொட்டிவிட்டுப் பிசிறுகளை அரத்தால் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் கையைக் கிழிக்கும்.

சமதளமான வெறும் மண்ணில், சருகைக் கூட்டி ஒதுக்கிவிட்டு அடுப்பை வையுங்கள். 30 மில்லி ஊற்றி, பாட்டிலை மூடி நாலடி தள்ளி வைத்த பிறகே தீக்குச்சி. பற்றியதும் உடனே பாத்திரத்தை ஏற்றாதீர்கள், காற்றில்லாமல் அணைந்துவிடும். அரை நிமிடம் பொறுங்கள். டப்பா சூடேறி ஸ்பிரிட் லேசாகக் கொதிக்கத் தொடங்கும். இப்போது டப்பாவைவிட அகலமான, தட்டையான அடி உள்ள பாத்திரத்தை விளிம்பின் மேலேயே வையுங்கள். மேல்வாய் அடைபட்டதும் பக்கத்துத் துளைகள் வழியாகச் சுடர் பூப்போல விரியும். அரை லிட்டர் தண்ணீரை மூடி போட்டு வைத்தால் பத்து நிமிடத்துக்குள் கொதிக்கும்.

ஆடி மாதக் காற்றில் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அலுமினியத் தாளை நாலாக மடித்து, பாத்திரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி வளைத்து மறைப்பு கட்டுங்கள். அடியில் காற்று புக வழி விடுங்கள்.

சித்திரை வெயிலில் இந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஊற்றுவதால்தான் பாட்டில் கையிலேயே பற்றிக்கொள்கிறது. ஓர் ஈர்க்குச்சியை மேலே நீட்டுங்கள். பற்றவில்லையா, சரி, இன்னும் ஐந்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள். நடுவில் அணைக்க வேண்டுமானால் டப்பாவைவிடப் பெரிய எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்துவிடலாம். கூடாரத்துக்குள் மட்டும் கொளுத்தவே வேண்டாம், தீ ஒரு பக்கம், புகையில்லாமலே கொல்லும் கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம்.

வெந்நீர் தயாரா? கழுவிய கெட்டி அவலில் அது நனையும் அளவுக்கு ஊற்றி ஐந்து நிமிடம் மூடுங்கள். இட்லிப் பொடி, நல்லெண்ணெய் போட்டுப் பிசைந்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. என்னைக் கேட்டால் பாக்கெட் நூடுல்ஸைவிட இதுவே மேல்.

அழகர்மலை, சிறுமலைக் காட்டுக்குள் இதையும் பற்றவைக்கக் கூடாது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ கொண்டுபோனது நம் மதுரை மாவட்டத்துக்குப் பக்கத்தில்தான். ரயிலிலும் ஸ்பிரிட் எடுத்துப் போக அனுமதியில்லை, இறங்குகிற ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். மிஞ்சியது மருந்து பாட்டிலிலேயே இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலில் மாற்றி வைத்தால் இருட்டில் யாராவது எடுத்துக் குடித்துவிடுவார்கள்.