ஒழுங்கைக்குள் திசை தவறினால் கொடிமரத்தைத் தேடுங்கள்

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் கால் போன போக்கில் நடக்கும்போது திசை குழம்பினால், ஃபோனை எடுக்க முதல் பக்கத்துக் கோயிலின் கொடிமரத்தைப் பாருங்கள். அது நிற்கிற பக்கம் பெரும்பாலும் கிழக்கு. வாசலைப் பார்த்து நின்றால் உங்கள் முகம் மேற்கே, இடது கை தெற்கே, கடனீரேரிப் பக்கம். நல்லூரில் அப்படி நின்றால் பட்டணம் இடது முன்புறமாக இருக்கும்.

ஆகம முறைக் கோயில்களில் மூலவர் பெரும்பாலும் கிழக்கு நோக்கியே இருப்பார். கொடிமரம் அவருக்கு நேர் எதிரே. மதிலும் வேலியும் உயர்ந்து, வளவுகளைச் சுற்றி வளைந்து போகிற ஒழுங்கைக்குள் தூரத்து அடையாளம் எதுவும் தெரியாது. ஆனால் நாலு முடக்குத் திரும்பினால் ஒரு கோயில் வந்துவிடும். சூரியனை நம்பலாமே என்றால், சித்திரையிலும் ஆவணியிலும் உச்சி வெயில் நேரே தலைக்கு மேல், நிழலே விழாது.

கோபுரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நல்லூர்க் கந்தனுக்கே தெற்கிலும் வடக்கிலும் கோபுரங்கள் உண்டு. சந்தியோர வைரவர், பிள்ளையார் சிறுகோயில்கள் இடத்துக்கு ஏற்றபடி எந்தப் பக்கமும் பார்க்கும். மேற்கு, தெற்கு பார்த்த பெரிய கோயில்களும் இருப்பதால் இரண்டாவது கோயிலிலும் ஒருதரம் சரிபார்ப்பது நல்லது. குருநகர், பாசையூர்ப் பக்கம் தேவாலயங்கள்தான் அதிகம், அங்கே இந்தக் கணக்குச் சரிவராது. சோனகத் தெருப் பக்கம் என்றால் பள்ளிவாசலில் தொழும் திசை மேற்கு, சற்றே வடக்குச் சாய்ந்து.