'அனிமல் ஃபார்ம்' நாவலைப் பாடமாகப் படிப்பவர்களுக்கு: பட்டியலை மூடுங்கள், சுவரைப் பாருங்கள்

ஜார்ஜ் ஆர்வெல்லின் 'அனிமல் ஃபார்ம்' சின்னப் புத்தகம்தான். முதலாளி ஜோன்ஸைத் துரத்திவிட்டுப் பண்ணையைத் தாங்களே நடத்தும் விலங்குகளின் கதை, பன்றிகள் மெல்ல அதிகாரத்தைக் கைப்பற்றும் கதை; உள்ளே இருப்பது ரஷ்யப் புரட்சி. பத்து அத்தியாயம், ஆங்கிலத்தில் ஏறக்குறைய 30,000 சொற்கள். நடையும் எளிது. அந்த எளிமையை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். நெப்போலியன் என்ற பன்றி ஸ்டாலின், ஸ்னோபால் என்ற பன்றி ஸ்டாலினின் போட்டியாளரான ட்ராட்ஸ்கி, பாக்ஸர் என்ற குதிரை தொழிலாளி வர்க்கம் என்று ஒரு பட்டியலை உருப்போட்டுவிட்டு, படித்து முடித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். பட்டியலில் தப்பில்லை. அதை முதலில் கையில் எடுப்பதுதான் தப்பு. ஒரு கூட்டத்தின் ஞாபகத்தை வெறும் வார்த்தைகளால் எப்படிக் கலைக்க முடியும் என்று ஆர்வெல் படிப்படியாகக் காட்டுகிறாரே, அந்த வேலைப்பாடு பட்டியல்காரர்களின் கண்ணில் படுவதே இல்லை.

முதல் வாசிப்புக்குப் பென்சில்கூட வேண்டாம். முன்னுரை, பாத்திர அறிமுகம் எல்லாவற்றையும் தாண்டி நேராக முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். இரண்டு அமர்வு போதும்: ஐந்தாம் அத்தியாயத்தில் ஸ்னோபாலை நெப்போலியனின் நாய்கள் துரத்தியடிக்கும் வரை ஒன்று, மீதி இன்னொன்று. ஆங்கிலம் தடுக்கினால் க. நா. சு.வின் தமிழ் மொழிபெயர்ப்பை முதல் வாசிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் வாசிப்பு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் இனி ஒவ்வொரு சொல்லும் கணக்கு.

இரண்டாம் வாசிப்பின்போது ஒரு நோட்டில் ஏழு பக்கம் ஒதுக்குங்கள், ஒரு கட்டளைக்கு ஒரு பக்கம். இரண்டாம் அத்தியாயத்தில் கொட்டகைச் சுவரில் வெள்ளை எழுத்தில் விலங்குகளின் சட்டமாக எழுதப்படும் ஏழு கட்டளைகளையும் மேலே அப்படியே எடுத்தெழுதுங்கள். கீழே நான்கு விஷயம் குறிக்க வேண்டும்: கட்டளை எப்போது மீறப்படுகிறது, சுவர் எப்போது மாறுகிறது, யார் சந்தேகப்படுகிறார்கள், யார் வாசித்துச் சொல்கிறார்கள். கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள், சரக்கு அங்கேதான் இருக்கிறது.

எப்படி நிரப்புவது என்பதற்கு நான்காம் கட்டளையைப் பார்ப்போம். எந்த விலங்கும் கட்டிலில் படுக்கக் கூடாது என்பது அது. ஆறாம் அத்தியாயத்தில் பன்றிகள் ஜோன்ஸின் வீட்டுக்குள் குடியேறிக் கட்டிலில் படுக்கின்றன. குளோவர் என்ற பெண் குதிரைக்கு ஏதோ உறுத்துகிறது. அவளுக்கு எழுத்து தெரியும், கூட்டி வாசிக்க வராது. எனவே முரியல் என்ற ஆட்டை அழைத்து வந்து வாசிக்கச் சொல்கிறாள். 'விரிப்போடு' என்று ஒரு ஒட்டு சேர்ந்திருக்கிறது. குளோவருக்கு விரிப்பு பற்றி எதுவும் ஞாபகம் இல்லை, ஆனால் சுவரில் இருக்கிறதே, அப்படியானால் இருந்திருக்க வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து, நெப்போலியனுக்காகப் பேசும் பன்றியான ஸ்குவீலர் இரண்டு மூன்று நாய்களோடு அந்தப் பக்கம் வருகிறான். வைக்கோல் குவியலும் ஒருவகைப் படுக்கைதானே, விரிப்பைத்தான் நாங்கள் எடுத்துவிட்டோமே, போர்வைக்குள்தான் படுக்கிறோம் என்கிறான். கடைசியில், ஜோன்ஸ் திரும்பி வருவதை விரும்புகிறீர்களா என்று ஒரு கேள்வி. விவாதம் முடிந்தது. இந்த ஒரு பக்கத்தில் சட்டப்புரட்டு, ஞாபகக் குழப்பம், பயம், நாய் நான்கும் வந்துவிட்டன. பின்னால் நடக்கும் பெரிய கொடுமைகளும் இதே அச்சில் வார்த்தவைதான்.

மாற்றம் எழுதப்படும் விதத்தையும் கவனியுங்கள். நான்காம், ஐந்தாம் (மது குடிக்கக் கூடாது), ஆறாம் (வேறொரு விலங்கைக் கொல்லக் கூடாது) கட்டளைகளில் பழைய வாக்கியத்தில் ஓர் எழுத்தும் அழிக்கப்படுவதில்லை. ஆங்கில வாக்கியத்தின் வாலில் இரண்டு சொல் ஒட்டிக்கொள்கிறது: 'விரிப்போடு', 'அளவுக்கு மீறி', 'காரணமில்லாமல்'. பழைய வரி அப்படியே இருப்பதால்தான் விலங்குகள் தம் ஞாபகத்தையே சந்தேகிக்கின்றன. ஐந்தாம் கட்டளை மாறும் இரவில் மட்டும் ஆர்வெல் திரையை விலக்கிக் காட்டுகிறார். எட்டாம் அத்தியாயத்தின் முடிவில் உடைந்த ஏணி, கவிழ்ந்த வெள்ளைப் பெயிண்ட் டப்பா, பக்கத்தில் விழுந்து கிடக்கும் ஸ்குவீலர். அப்போதும் எந்த விலங்குக்கும் விளங்கவில்லை, கழுதை பெஞ்சமினைத் தவிர. அவன் தலையை ஆட்டிக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறான்.

ஏழு பக்கமும் நிரம்பிய பிறகு, யார் வாசித்தது என்பதை மட்டும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். எட்டாம் அத்தியாயத்தில் குளோவர் முதலில் கேட்பது பெஞ்சமினிடம். அவன் பன்றிகளுக்கு இணையாக வாசிக்கத் தெரிந்தவன், ஆனால் இதிலெல்லாம் தலையிட மாட்டேன் என்று ஒதுங்குகிறான், முரியல்தான் வாசிக்கிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் பாக்ஸரை ஏற்றிப்போகும் வண்டியின் பக்கவாட்டில் குதிரை அறுப்பவரின் பெயர் எழுதியிருப்பதைப் பெஞ்சமின் உரக்க வாசிக்கிறான். அதற்குள் வண்டி கிளம்பிவிடுகிறது. பத்தாம் அத்தியாயத்தில் முரியல் உயிரோடு இல்லை. குளோவர் கேட்க, பெஞ்சமின் தன் வழக்கத்தை விட்டு வாசிக்கிறான். சுவரில் மிச்சம் ஒரே ஒரு கட்டளை. எழுத்தறிவு, மௌனம், பொறுப்பு என்று எந்தக் கேள்வி வந்தாலும் இந்த நான்கு இடம் கைகொடுக்கும். பெஞ்சமினை ஆர்வெல்லின் குரல் என்று எழுதிவிடுவது பலரின் வழக்கம். இந்தச் சங்கிலியைப் பார்த்த பிறகு அப்படி எழுதக் கை வராது.

சுவரில் சொல் மாறத் தொடங்கும் முன்பே சறுக்கல் ஆரம்பித்துவிடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அத்தியாயத்தின் கடைசியில் பால் காணாமல் போகிறது. யார் எடுத்தது என்று கதை சொல்வதில்லை, மறைந்திருந்தது கவனிக்கப்பட்டது என்பதோடு அத்தியாயம் முடிகிறது. மூன்றாம் அத்தியாயத்தில் பாலும் ஆப்பிளும் பன்றிகளுக்கே என்று உத்தரவாகிறது. இந்த இடம்தான் கதையின் திருப்பம் என்று ஆர்வெல்லே 1946இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இதில் எல்லாப் பன்றிகளும் ஒரே கருத்து, ஸ்னோபாலும் நெப்போலியனும் உட்பட, என்று வாசகம் தெளிவாகச் சொல்கிறது. ஸ்னோபால் நல்லவன், அவன் இருந்திருந்தால் பண்ணை பிழைத்திருக்கும் என்ற கட்டுரைகள் மதிப்பெண் இழப்பது இந்த ஒரு வரியைத் தாண்டிப் போவதால்தான்.

அடுத்து ஸ்குவீலருக்கு ஒரு தனிக் கணக்கு. அவன் பேசும் ஒவ்வொரு இடத்திலும் என்ன சொன்னான், அதே விஷயம் முன்பு எப்படி நடந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மிகப் பலன் தருவது ஸ்னோபாலின் முதுகுக் காயம். நான்காம் அத்தியாயத்தில், ஜோன்ஸ் பண்ணையை மீட்க வரும் மாட்டுக்கொட்டகைச் சண்டையில், அவன் சுட்ட சிறு குண்டுகள் ஸ்னோபாலின் முதுகைக் கீறி ரத்தக் கோடு போடுகின்றன. நாம் கண்ணால் பார்க்கிறோம். அவனுக்கு முதல் வகுப்பு வீரப் பதக்கமும் கிடைக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் ஸ்குவீலர், வீரம் மட்டும் போதாது, அந்தச் சண்டையில் அவன் பங்கு மிகைப்படுத்தப்பட்டது என்கிறான். ஏழில் ஸ்னோபால் ஆரம்பத்திலிருந்தே ஜோன்ஸின் ஆள், குண்டு லேசாக உரசியதும் ஏற்பாடுதான் என்கிறான். எட்டில் அவனுக்குப் பதக்கமே தரப்படவில்லை. ஒன்பதில் அவன் மனிதர்களுக்குத் தலைமை தாங்கி வந்தான், முதுகில் இருந்தது நெப்போலியனின் பல் பட்ட காயம். ஒரே காயம், ஐந்து அத்தியாயம். ஒவ்வொரு பொய்யும் முந்தைய பொய்யின் மேல் ஏறி நிற்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் எதிர்த்துக் கேட்பது பாக்ஸர் மட்டுமே. தோழர் நெப்போலியனே சொன்னார் என்றதும் அடங்கிவிடுகிறான். அதற்கு அடுத்த சில பக்கத்தில் நாய்கள் அவன் மேல் பாய்வது தற்செயல் இல்லை.

வரலாற்றுக்கு இதற்குப் பிறகுதான் வர வேண்டும், ஒரு பக்கக் காலக்கோடு போதும். 1917 புரட்சி. 1918 முதல் நடந்த உள்நாட்டுப் போர் மாட்டுக்கொட்டகைச் சண்டைக்கு. 1928இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டம் விலங்குகள் கட்டும் காற்றாலைக்கு. 1929இல் ட்ராட்ஸ்கி நாடு கடத்தப்பட்டது. 1932–33 பஞ்சம் ஏழாம் அத்தியாயத்தின் பட்டினிக்கு: தொட்டிகளில் மணலை நிரப்பி மேலே தானியம் தூவி வெளியாளான விம்பருக்குக் காட்டுவது, பஞ்சத்தை உலகுக்கு மறைத்ததைக் குறிக்கிறது. 1936–38 மாஸ்கோ விசாரணைகள் அதே அத்தியாயத்தின் ஒப்புதல் வாக்குமூலங்களுக்கும் கொலைகளுக்கும். 1939 ஆகஸ்டில் ஜெர்மனியோடு ஒப்பந்தம், பக்கத்துப் பண்ணைக்காரனான ஃபிரெடெரிக்குக்கு மரம் விற்பது. 1941 ஜூனில் ஜெர்மானியப் படையெடுப்பு, காற்றாலைச் சண்டை. 1943 டெஹ்ரான் மாநாடு, பன்றிகளும் மனிதர்களும் ஆடும் கடைசிச் சீட்டாட்டம்.

இந்தக் கோட்டைக் கதைமேல் இறுக்கிக் கட்டாதீர்கள். கால வரிசையை மாற்றியிருப்பதாக ஆர்வெல்லே 1947 உக்ரேனியப் பதிப்பின் முன்னுரையில் சொல்கிறார். லெனினுக்குத் தனிப் பாத்திரம் கிடையாது. புரட்சிக் கனவைத் தொடங்கி வைக்கும் கிழப் பன்றி மேஜர் மார்க்ஸாகவும் இருக்கிறான், அவன் மண்டையோட்டைக் கம்பத்தடியில் வைத்து விலங்குகள் அணிவகுக்கும்போது பதப்படுத்தி வைத்த லெனின் உடலையும் நினைவூட்டுகிறான். வரலாற்றைச் சும்மா சேர்க்காமல் சொல்லோடு சேர்ப்பது எப்படி என்பதற்கு ஒரு நல்ல இடம் உண்டு. காற்றாலை வெடிக்கும்போது எல்லா விலங்குகளும், நெப்போலியன் உட்பட, தரையில் விழுந்து படுத்தன என்று முதலில் எழுதியிருந்தார். 1945 மார்ச்சில், அச்சுக்குப் போகும் முன், 'நெப்போலியன் தவிர' என்று மாற்றச் சொன்னார். ஜெர்மானியர்கள் நெருங்கியபோதும் ஸ்டாலின் மாஸ்கோவை விட்டுப் போகவில்லை, அதற்கு நியாயம் செய்ய வேண்டும் என்பது காரணம். இப்படி ஒரு தகவல் பத்து ஆண்டுகளின் பட்டியலைவிட மேல்.

புத்தகம் வந்த கதையையும் இரண்டு வரியில் தெரிந்து வையுங்கள். 1944 தொடக்கத்தில் எழுதி முடித்தார். அப்போது சோவியத் ஒன்றியம் பிரிட்டனின் கூட்டாளி. கொலான்ஸ், கேப், ஃபேபர் எனப் பதிப்பகங்கள் மறுத்தன. 1945 ஆகஸ்ட் 17இல் செக்கர் அண்ட் வார்பர்க் வெளியிட்டது. ஆர்வெல் சோஷலிசத்தில் நம்பிக்கை கொண்டவர், 1937இல் ஸ்பெயினில் தம் பக்கத்து ஆட்களே கம்யூனிஸ்டுகளால் வேட்டையாடப்பட்டதைப் பார்த்தவர். எனவே எந்தப் புரட்சியும் வீண் என்பதே நாவலின் செய்தி என்று எழுதினால் ஆசிரியரை எதிர்ப்பக்கத்தில் நிறுத்தியதாகும். வேலை முடிந்ததும் தலைவர்களை வெளியேற்ற மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அவர் சொல்ல வந்தது.

தேர்வில் அடிக்கடி கோட்டை விடும் இடங்கள் சில. காற்றாலை இரண்டு முறை விழுகிறது. ஆறாம் அத்தியாயத்தில் நவம்பர்ப் புயலில், பழி ஸ்னோபால் மேல். எட்டாம் அத்தியாயத்தில் ஃபிரெடெரிக்கின் ஆட்கள் வெடி வைத்து. இரண்டையும் கலக்காதீர்கள். ஓய்வுபெறும் விலங்குகளுக்கு ஒதுக்கிய புல்வெளி, விஸ்கி ருசி கண்ட ஒரே வாரத்தில் உழவுக்குப் போகிறது, பார்லி விதைக்கிறார்கள். பாக்ஸர் ஓய்வை எதிர்பார்த்துக் கல் சுமப்பது அதற்குப் பிறகு. பலர் இந்தத் தொடர்பைப் பார்ப்பதே இல்லை. 1954இல் வந்த கார்ட்டூன் படத்தை நம்பிப் படிக்காதீர்கள். அதில் மற்ற விலங்குகள் கடைசியில் பன்றிகளுக்கு எதிராக எழுகின்றன. நாவலில் அப்படி எதுவும் நடப்பதில்லை. படத்துக்குப் பணம் தந்தது அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ.

பிரிட்டனில் ஏ.க்யூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தின் ஜிசிஎஸ்இ (பதினாறு வயதையொட்டி எழுதும் பள்ளித் தேர்வு) எழுதும் பிள்ளைகளுக்குப் புத்தகம் கையில் இருக்காது. இரண்டு கேள்வியில் ஒன்றுக்கு ஏறத்தாழ 45 நிமிடம், 34 மதிப்பெண். அதில் கருத்துக்கும் மேற்கோளுக்கும் 12, மொழியையும் அமைப்பையும் அலசுவதற்கு 12, பின்னணிக்கு 6, எழுத்துப் பிழையின்மைக்கும் நடைக்கும் 4. பின்னணிக்கு ஆறுதான். ஸ்டாலினைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்தால் போதும். ஐந்து நிமிடம் திட்டமிட்டு, முப்பத்தைந்து நிமிடம் எழுதி, மீதியில் திருத்துங்கள். மேற்கோள் பதினைந்துக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் ஐந்தாறு சொல்லுக்குள். எந்தக் கேள்விக்கும் திருப்பிக்கொள்ளக்கூடியவையாக எடுங்கள். பாக்ஸரின் 'இன்னும் உழைப்பேன்', 'நெப்போலியன் சொன்னால் சரி' இரண்டும் உழைப்பு, விசுவாசம், கல்வியின்மை, அதிகாரம் நான்குக்கும் உதவும். முதலாவது அவனிடம் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது, இரண்டாவது ஸ்னோபால் விரட்டப்பட்ட பிறகு சேர்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது அலசல்.

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு ஏழாம் அத்தியாயத்தின் முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கொலைகள் முடிந்து விலங்குகள் குன்றின்மேல் ஒண்டிக் கிடக்கின்றன, குளோவரின் கண்ணில் நீர். அவள் மனத்தில் ஓடுவதை ஆர்வெல் ஒரு பத்தி முழுக்கச் சொல்கிறார், அதைச் சொல்ல அவளுக்கு வார்த்தை இல்லை. வார்த்தைக்குப் பதிலாக அவள் விலங்குகளின் புரட்சிப் பாட்டான 'இங்கிலாந்தின் விலங்குகளே'யைப் பாடத் தொடங்க, ஸ்குவீலர் வந்து பாட்டு தடை என்கிறான். அந்தப் பத்தியைப் பார்க்காமல், சுவர் நோட்டையும் ஸ்குவீலர் கணக்கையும் மட்டும் வைத்து முக்கால் மணி நேரத்தில் ஒரு கட்டுரை எழுதிப் பாருங்கள். எங்கே பேனா நிற்கிறதோ, அந்த அத்தியாயத்தைத்தான் மறுபடி படிக்க வேண்டும்.