பொறுப்பான பிள்ளை இருக்கும் வீட்டுக்குச் சொந்தங்கள் குடிவரும்போது

கொழுந்தனார் குடும்பமோ நாத்தனார் குடும்பமோ நம்மோடு தங்க வருகிறது என்று முடிவானவுடன் பாய், தலையணை, கூடுதல் அரிசி என எல்லாவற்றையும் யோசிக்கிற நாம், சொல்லாமலே தண்ணீர் பிடித்து வைத்துத் தானாகவே படிக்க உட்காரும் பிள்ளையைப் பற்றி மட்டும் யோசிப்பதில்லை. அடம்பிடிக்கும் பிள்ளை தன் கஷ்டத்தை அழுதாவது சொல்லிவிடும். பொறுப்பான பிள்ளை வாய்திறக்காது என்பதால், அதற்கு வேண்டியதை நாம்தான் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும்.

யார் வருகிறார்கள், ஏன் வருகிறார்கள், எவ்வளவு காலம் இருப்பார்கள் என்பதை அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். சித்தப்பாவுக்கு வேலை போய்விட்டது என்றால் அதையும் மறைக்க வேண்டாம். வெளியில் பேசக் கூடாது என்று மட்டும் சொன்னால் போதும்.

அடுத்தது இடம். கொழுந்தனாரின் இரண்டு பையன்களும் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், உலைக்கு அரிசி அளக்கப் போன நான், அரிசி டிரம்முக்குப் பின்னால் பழைய பாவாடையில் சுற்றி வைத்திருந்த ஜாமெட்ரி பாக்ஸைக் கண்டேன். காம்பஸ் முனையால் சுவரைக் கீறி விளையாடியவர்களை என் பன்னிரண்டு வயது மகள் திட்டவில்லை, என்னிடம் வந்து புகாரும் சொல்லவில்லை. தன் பொருளை ஒளித்து வைத்துவிட்டாள். அது எனக்கு மிகவும் வலித்தது. அன்று மாலையே பீரோவின் ஒரு பக்கத்தைக் காலி செய்து சாவியை அவள் கையில் கொடுத்தோம். அப்படிக் கொடுத்த பிறகு, சின்னவன் எவ்வளவு அழுதாலும் அந்தச் சாவியைக் கேட்கக் கூடாது.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. கூடத்தில் படுக்கும் பிள்ளை காலை ஆறு மணிக்கு எழ வேண்டுமானால், பெரியவர்களின் பேச்சும் டிவியும் இரவு ஒன்பது மணிக்குள் அங்கிருந்து விலக வேண்டும். படிக்கும் நேரத்தில் சிறுவர்களை மொட்டை மாடிக்கு அழைத்துச் செல்லும்படி அவர்களின் அம்மாவிடம் நீங்களே கேளுங்கள். பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள்.

'நீதானே பெரியவள், விட்டுக்கொடு' என்பதை அறவே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சண்டை வந்தால் இரு பக்கமும் கேளுங்கள். சின்னவர்களுக்குச் சோறு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் பெரியவர்களின் வேலை. வாரத்தில் ஒரு நாளாவது அவளை மட்டும் கடைக்கு அழைத்துப் போய்ப் பேச்சுக் கொடுங்கள். பள்ளி கிளம்பும் நேரத்தில் அடிக்கடி வயிற்று வலி, தலைவலி என்றால் மருத்துவரிடம் காட்டுவதோடு, வகுப்பு ஆசிரியரிடமும் வீட்டு நிலையைச் சொல்லி வையுங்கள்.

கலகலப்பான மனிதர்கள் வந்ததால் இந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய நன்மை விளையாட்டுதான். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போது வேலை ஏவாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியோடும் பையன்களோடும் அவள் தாயம் ஆடிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு, கட்டையைக் கீழே வைத்துவிட்டு வழக்கம்போல் எழுந்தாள். 'நீ ஆடும்மா' என்று சொல்லிவிட்டு நானே போய் அடுப்பை அணைத்தேன்.